அந்த இடப்பக்க வலி

கேள்வி: கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வந்துவிடும் எனக்கு இந்த மாதம் 9 நாள் தள்ளிப்போயிருக்கிறது. தாளிக்கிற வாசனைக்கே குமட்டுகிறது, மார்பு கனக்கிறது. நேற்று ராத்திரி கிட்டில் பார்த்தேன், இரண்டாவது கோடு மங்கலாக வந்தது. இது கர்ப்பம்தானா? மறுபடி எப்போது டெஸ்ட் பண்ணலாம்? பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போவதாலோ என்னவோ, இடப்பக்க அடிவயிற்றில் மட்டும் சுருக் சுருக்கென்று வலி, லேசாகப் பழுப்புக் கறையும் படுகிறது. ஆடி முடியட்டும், ஆவணியில் நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போகலாம் என்கிறார் அத்தை.
- வாசகி, திருப்பூர்

பதில்: இந்தப் பதில் வரும்வரை நீ காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன். காத்திருந்தால், இதைப் படித்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

கோட்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அட்டையில் போட்டிருக்கிற நேரத்துக்குள் தெரிந்திருந்தால், மங்கலானாலும் அது பாசிட்டிவ்தான். அரை மணி கழித்துத் தெரிகிற கோட்டை நம்பாதே. ராத்திரி நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் கோடு வெளிறும், அதனால்தான் காலையில் முதல் சிறுநீரில் பார்க்கச் சொல்கிறார்கள். மார்பு கனம் மாதவிலக்குக்கு முன்னாலும் வரும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சரி, இப்போது அந்த வலிக்கு வருகிறேன். கோட்டைப் பற்றி அவ்வளவு கேட்ட நீ, ஒரு பக்கமாக வலிக்கிறது, கறை படுகிறது என்பதைப் போகிற போக்கில் சொல்லி, பழியை பஸ் மேல் போட்டுவிட்டாயே! கிட் சொல்வது கர்ப்பமா இல்லையா என்பதை மட்டும்தான், கரு எங்கே தங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கர்ப்பப்பைக்குள் போகாமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டாலும் அதே இரண்டு கோடுதான், அதே குமட்டல்தான். ஆனால் அந்தக் குழாய் கருவோடு சேர்ந்து விரியக்கூடியது இல்லை, ஒருநாள் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்தாகிவிடும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் உனக்கு இது ஆறாவது வாரம், இந்தச் சிக்கல் தலைகாட்டுகிற நேரமே இதுதான். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அதை ஸ்கேன் சொல்லட்டும், நீயும் நானும் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு சீக்கிரத்தில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியாமல் போகலாம், உள்வழியாகப் பார்க்கச் சொல்வார்கள், கூச்சப்படாதே. அதிலும் பிடிபடாவிட்டால் பீட்டா ஹெச்சிஜி என்கிற கர்ப்ப ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, அளவு எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார்கள். கிளம்புவதற்குள் வலி திடீரென்று கூடினாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, தோள்பட்டை நுனி வலித்தாலோ பஸ்ஸும் வேண்டாம் பைக்கும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடு.

ஆடியில் விசேஷம் வைக்காத குடும்பத்தில்தான் நானும் வளர்ந்தேன், பெரியவர்கள் சொல்லுக்கு மரியாதை உண்டு. ஆனால் ஆடிக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்னம்மா சம்பந்தம்? வீட்டுக்கு வந்த மருமகள் வலிக்கிறது என்றால் அன்றே அழைத்துப்போவதுதான் மாமியாரின் கடமை, நாள் பார்க்கிறதெல்லாம் வளைகாப்புக்கு வைத்துக்கொள்ளட்டும். அத்தையிடம் வலியையும் கறையையும் சொன்னாயா, இல்லை நாள் தள்ளியதை மட்டும் சொன்னாயா? சொல்லாமல் இருந்தால் தப்பு உன்னுடையது.

இவ்வளவு எழுதியவள் உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இன்றைக்கு அவர் லீவு போடட்டும். ஸ்கேன் அறை வாசலில் அவர் நிற்க வேண்டும், அத்தைக்கு போன் செய்து சொல்வதும் அவர் வேலை.