அண்ணிக்குத் தெரியாத பாலிசி

கேள்வி: மனைவியின் நர்ஸ் வேலைக்காக எட்டு மாதங்களுக்கு முன் குடும்பத்தோடு பர்மிங்காம் வந்தோம். எனக்குக் கிடங்கில் வேலை. மனைவியை மருத்துவமனையில் விடவும் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகவும் 2 லிட்டர் டீசல் கார் ஒன்று வாங்கினேன். கோவையில் பத்து ஆண்டுகள் கார் ஓட்டியவன் நான். கடைசி ஐந்து ஆண்டுகளில் ஒரு கிளெய்ம்கூட எடுத்ததில்லை. இங்கே அதை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்திய லைசென்ஸ் என்றதும் இன்சூரன்ஸுக்கு ஆண்டுக்கு 2,900 பவுண்டு கேட்டார்கள். என் அண்ணன் மில்டன் கீன்ஸில் பார்சல் வேன் ஓட்டுகிறார், இந்த நாட்டில் பதினான்கு ஆண்டு அனுபவம். இப்போதைக்கு அவரை முதன்மை ஓட்டுநராகக் காட்டி, என்னைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்த்துப் பாலிசி எடுத்திருக்கிறோம். 980 பவுண்டில் முடிந்தது. அண்ணிக்கு இது தெரியாது, வீட்டில் பேச்சு வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு என் பெயரிலேயே குறைந்த செலவில் எடுக்க என்ன வழி? புதிதாக வருபவர்களிடம் இப்படிக் கறப்பது நியாயமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பர்மிங்காம்

பதில்: அடுத்த ஆண்டு இருக்கட்டும், தம்பி. உங்கள் கடிதத்தில் அண்ணி ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அண்ணிக்கு ஏன் தெரியாது? தம்பி குடும்பம் ஊரிலிருந்து வந்தபோது உங்களுக்குப் பாய் விரித்துச் சோறு போட்டவர் அவராகத்தான் இருப்பார். கார் வாங்கியதும் அவருக்குத் தெரிந்திருக்கும். தம்பிக்குக் கணவர் செய்த உதவியை மட்டும் எதற்காக அவரிடம் மறைக்க வேண்டும்? உங்களுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். சொன்னால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “அந்தக் காரை நீங்கள் எப்போது ஓட்டினீர்கள்?” அதற்கு உங்கள் இருவரிடமும் பதில் இல்லை. அதனால்தான் அந்த வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம் என்றாகிவிட்டது.

வெளிநாட்டுக்குப் போனவர்களிடமிருந்து இப்படி எத்தனையோ கடிதங்கள் எனக்கு வந்திருக்கின்றன. அண்ணன் பெயரில், மச்சான் பெயரில், மாமா பெயரில். எல்லோரும் “இப்போதைக்கு” என்றுதான் எழுதுகிறார்கள். நீங்கள் செய்திருப்பதற்கு பிரிட்டனில் ஒரு பெயர் இருக்கிறது, ‘ஃப்ரண்டிங்’. அன்றாடம் காரை ஓட்டுகிறவரைப் பின்னால் மறைத்து, பிரீமியம் குறைவாக வரும் ஒருவரை முன்னால் நிறுத்துவது. காப்பீட்டு நிறுவனங்கள் இதை மோசடிக் கணக்கில்தான் வைக்கின்றன. காரை இரவில் நிறுத்தும் இடம் மில்டன் கீன்ஸ் என்றும் எழுதிக் கொடுத்திருந்தால், அது இரண்டாவது பொய்.

விபத்து நடக்காதவரை எதுவும் தெரியாதுதான். நடந்த மறுநாள் தொலைபேசியில் ஒருவர் பணிவாகப் பேசுவார். கார் இரவில் எங்கே நிற்கிறது? சாவி யாரிடம் இருக்கும்? காலையில் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்? மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று நீங்கள் உண்மையைச் சொன்ன மாத்திரத்தில் அந்தப் பாலிசி கிழிந்துவிடும். நுகர்வோர் காப்பீட்டுக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தெரிந்தே தவறான தகவல் கொடுத்திருந்தால் நிறுவனம் பாலிசியைத் தொடக்கத்திலிருந்தே செல்லாததாக்கலாம், கட்டிய பிரீமியத்தையும் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளலாம். உங்கள் காருக்கு ஒரு பென்னி வராது. எதிரில் அடிபட்டவருக்கு அவர்கள் இழப்பீடு கொடுக்க நேர்ந்தால், அந்தத் தொகையை உங்கள் பக்கமிருந்து வசூலிக்கப் பார்ப்பார்கள். ஒருவர் ஆயுள் முழுக்கப் படுக்கையில் கிடக்க நேர்ந்தால் அந்தத் தொகை எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். காப்பீடு இல்லாமல் ஓட்டிய குற்றமும் உங்கள் மேல் வரலாம். அதற்கு நிர்ணயித்த அபராதம் 300 பவுண்டு, லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது, ஓட்டவே தடையும் விதிக்கலாம்.

இவை உங்களுக்கு. நான் அண்ணனுக்கு வருகிறேன். அவர் பார்சல் வேன் ஓட்டுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேனுக்குக் காப்பீடு இல்லாமல் அவர் வேலைக்குப் போக முடியாது. பாலிசி செல்லாததாக்கப்பட்ட ஒருவர் அதற்குப் பிறகு எந்த நிறுவனத்திடம் போனாலும், “உங்கள் காப்பீட்டை எந்த நிறுவனமாவது ரத்து செய்திருக்கிறதா?” என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டும். பல நிறுவனங்கள் அந்த இடத்திலேயே கதவைச் சாத்திவிடும். வீட்டுக் காப்பீட்டுப் படிவங்களிலும் அந்தக் கேள்வி வருகிறது, பல படிவங்களில் அந்த வீட்டில் வசிக்கும் எல்லோரையும் பற்றி. அதாவது அண்ணி, தான் அறியாத ஒரு காரியத்துக்காகத் தன் வீட்டுக் காப்பீட்டிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மிச்சப்படுத்தியது 1,920 பவுண்டு. பணயம் வைத்தது அந்தக் குடும்பத்தின் பிழைப்பை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா தன் தம்பியின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு மதியம் பதிவுத் தபால் வந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா, கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டு வாங்கினாள். உறையின் ஓரத்தில் மாவு ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஏழாம் வகுப்பில் இருந்த என்னைப் படிக்கச் சொன்னாள். எனக்கும் பாதி புரியவில்லை, அப்பாவின் பெயரையும் தொகையையும் மட்டும் படித்துக் காட்டினேன். கடனை அடைக்க, வீடு கட்டுவதற்கென்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம். அம்மா மனைக்காக அழுது நான் பார்க்கவில்லை. “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்பதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

ஒரு குடும்பத்தலைவனின் நல்ல பெயர் அவன் ஒருவனுடைய சொத்து என்று நான் நினைப்பதில்லை. உங்கள் அண்ணனின் பதினான்கு ஆண்டு ஓட்டத்தில், அவர் விடியற்காலையில் வேனை எடுக்கும்போது எழுந்து தேநீர் போட்டுக் கொடுத்தவருக்கும் பங்கு இருக்கிறது. அவரைக் கேட்காமல் அதை எடுத்துக் கொடுக்கும் உரிமை அண்ணனுக்கு இல்லை. கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கும் இல்லை. தம்பி கேட்டால் அண்ணனால் மறுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டிருக்கிறீர்கள். மறுக்க முடியாதவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று அளந்து கேட்பதுதான் இளையவனின் கடமை. அதில் நீங்கள் தவறிவிட்டீர்கள்.

இனி செய்ய வேண்டியது. அடுத்த ஆண்டுவரை காத்திருப்பது என்ற பேச்சே வேண்டாம். முதலில் உங்களை முதன்மை ஓட்டுநராக, பர்மிங்காம் முகவரியோடு, வேலைக்குப் போய்வரும் பயணத்தையும் சொல்லி ஒரு பாலிசி எடுங்கள். அது தொடங்கும் நாளில் அண்ணன் தன் நிறுவனத்தை அழைத்துப் பழைய பாலிசியைத் தானாகவே ரத்து செய்யட்டும். ஒருவர் தானே முன்வந்து ரத்து செய்வதும், நிறுவனம் கண்டுபிடித்து ரத்து செய்வதும் வேறு வேறு. முன்னதற்குக் கொஞ்சம் கட்டணம் போகும், அவ்வளவுதான். அதுவரை அந்தக் காரை எடுக்காதீர்கள். மகள் பஸ்ஸில் போகட்டும். புதிய பாலிசிக்கு முன்னால் பழையதை ரத்து செய்துவிடாதீர்கள். சாலையில் ஓடாமல் வெறுமனே நின்றாலும், ‘சாலைக்கு வராது’ என்று டி.வி.எல்.ஏ.வுக்கு (லைசென்ஸையும் வாகனப் பதிவையும் கவனிக்கும் அரசு அமைப்பு) அறிவிக்காத காருக்கு அங்கே காப்பீடு இருந்தாக வேண்டும்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டது. இந்திய லைசென்ஸை வைத்து பிரிட்டனில் ஓட்ட, அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அனுமதி. உங்களுக்கு எட்டு மாதம் போய்விட்டது. சில நாடுகளின் லைசென்ஸை அங்கே அப்படியே மாற்றிக்கொள்ளலாம், அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. 12 மாதம் முடிந்த மறுநாள் நீங்கள் வெறும் பயிற்சி ஓட்டுநர். அதற்குப் பிறகு தனியாக ஓட்டினால் எந்தப் பாலிசியும் உங்களைக் காப்பாற்றாது. இணையத்தில் 34 பவுண்டு கட்டித் தற்காலிக லைசென்ஸுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். எழுத்துத் தேர்வுக்கு 23 பவுண்டு. ஓட்டும் தேர்வுக்கு வார நாளில் 62 பவுண்டு, அதற்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். பத்து ஆண்டு ஓட்டியவன் எதற்குப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். ரவுண்டானாவில் எந்த வரிசையில் நுழைவது, எப்போது கண்ணாடியைப் பார்ப்பது என்று கோவையில் யாரும் உங்களுக்கு மதிப்பெண் போட்டதில்லை. நான்கைந்து வகுப்புகளாவது போங்கள். பிரீமியத்தைக் குறைக்க உங்களிடம் இருக்கும் பெரிய ஆயுதம் அந்த நாட்டு லைசென்ஸ்தான். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு.

கறப்பது நியாயமா என்று கேட்டீர்கள். வலிக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் பத்து ஆண்டு ஓட்டம் அங்குள்ள எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவு இல்லாதவரைப் புதியவராகத்தான் கணக்குப் போடுவார்கள். ஊரில் உங்கள் காருக்குக் காப்பீடு செய்திருந்த நிறுவனத்துக்கு எழுதி, கிளெய்ம் இல்லாத ஆண்டுகளைக் குறிப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லையென்றால் உங்களுக்கு 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருந்திருக்கும், அதற்கான சான்று அவர்களிடம் இருக்கும். பிரிட்டனில் பல நிறுவனங்கள் அதை ஏற்காது, சில நிறுவனங்கள் ஏதோ ஓர் அளவுக்கு மதிப்புக் கொடுக்கும். அவற்றை நீங்களே தேடி அலைய வேண்டாம். பிரிட்டிஷ் காப்பீட்டுத் தரகர்கள் சங்கத்தைக் கேட்டால், வெளிநாட்டு லைசென்ஸ்காரர்களுக்குப் பாலிசி எடுத்துத் தரும் தரகரைக் காட்டுவார்கள்.

அந்த 2 லிட்டர் டீசலை விற்றுவிடுங்கள். பிரீமியம் எவ்வளவு வரும் என்று கேட்காமல் காரை வாங்கியதுதான் இத்தனைக்கும் தொடக்கம். மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு 1 லிட்டர் பெட்ரோல் கார் தாராளம். ஓட்டும் விதத்தைக் கண்காணிக்கும் பிளாக் பாக்ஸ் வைத்த பாலிசியையும் விசாரியுங்கள். அதில் நள்ளிரவு ஓட்டத்துக்குக் கெடுபிடி இருக்கலாம். மனைவியின் இரவு ஷிஃப்ட் மாலையில் தொடங்கிக் காலையில் முடிவதாக இருந்தால் அது உங்களுக்குப் பெரிய தடையாக இராது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தால் மலிவு என்று கணக்குப் போடாதீர்கள், அங்கே சில நேரம் முழுக் காப்பீடே குறைவாக வரும். விபத்தானால் முதலில் நீங்கள் ஏற்கும் தொகையை உயர்த்தினால் பிரீமியம் இறங்கும், ஆனால் கையில் இல்லாத தொகையை அந்தக் கட்டத்தில் எழுதாதீர்கள். அண்ணனைக் கூடுதல் ஓட்டுநராகச் சேர்ப்பதாக இருந்தால், அவர் உண்மையிலேயே உங்கள் காரை அவ்வப்போது ஓட்டுபவராக இருக்க வேண்டும். பெயருக்குச் சேர்த்தால் அதே பொய்யைத் திருப்பிப் போட்டதாகிவிடும்.

அண்ணன் உதவ நினைத்தால் நேர்வழிகள் இருக்கின்றன. மாதத் தவணையில் கட்டினால் வட்டி சேரும். ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்ட அவர் உங்களுக்குக் கடன் கொடுக்கட்டும், அண்ணிக்குத் தெரிய. 12 மாதம் முடிந்து நீங்கள் பயிற்சி ஓட்டுநரானால், பக்கத்தில் 21 வயது நிறைந்த, மூன்று ஆண்டாவது முழு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்து உங்கள் பக்கத்தில் உட்காரட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அங்கே போங்கள். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாப்பாடு முடிந்து குழந்தைகள் விளையாடப் போனதும், அண்ணனை முந்திக்கொண்டு நீங்களே அண்ணியிடம் சொல்லுங்கள். தொகையைச் சொல்லுங்கள், யார் கேட்டது என்பதையும் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் குனிந்து கேட்டுக்கொள்ளுங்கள், அண்ணன்மேல் பாரத்தைத் தள்ளாதீர்கள். பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து மில்டன் கீன்ஸுக்கு நேரடி ரயில் இருக்கிறது. அந்தக் காரில் போகாதீர்கள்.