எந்த எடிட்டர் என்பது இருக்கட்டும், டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கிறோம். 2005-இல் உறவினர் ஒருவர் ஃபிரண்ட்பேஜில் ஐந்து பக்கத்துக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தார். இப்போது போனில் திறந்தால் தமிழ் வருவதில்லை, ஏதோ ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. நானே புதிதாகச் செய்யலாம் என்று இருக்கிறேன். கோடு எழுதத் தெரியாது. வேர்டில் டைப் செய்கிற மாதிரி செய்தால் பக்கம் வந்துவிட வேண்டும். 4 ஜி.பி. ராம் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்கு டிரீம்வீவர் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் இன்னொருவர். வெப்சைட் செய்ய எந்த எடிட்டர் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். அந்த ஐந்நூறையும் கொடுக்க வேண்டாம். டிரீம்வீவர் இன்று சந்தா கட்டினால்தான் கிடைக்கும். ஐந்நூறுக்குப் போட்டுத் தருவது கிராக் செய்த பிரதி. போடும்போது, "ஆன்டிவைரஸைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க சார்" என்பார்கள். ஏன் என்று கேளுங்கள். அதே கம்ப்யூட்டரில்தான் நீங்கள் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வீர்கள், நெட்பேங்கிங் திறப்பீர்கள்.

வேர்டு மாதிரி எடிட்டர்களுக்கு ஒரு காலத்தில் பஞ்சமே இல்லை. ஃபிரண்ட்பேஜை மைக்ரோசாஃப்ட் 2006-இல் கைவிட்டது. அதற்குப் பதிலாக வந்த எக்ஸ்பிரஷன் வெப்பை 2012 டிசம்பரில் இலவசமாக்கியது, அத்தோடு அதுவும் முடிந்தது. அடோபி கொண்டுவந்த மியூஸுக்கு 2020 மார்ச்சில் மூடுவிழா. இலவசமான கொம்போசர் 2010-க்குப் பிறகு நகரவே இல்லை. இப்படிச் செத்துப்போனவற்றை இன்னமும் 'வெப் டிசைனிங் கோர்ஸ்' என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்து, பளபளவென்று சான்றிதழும் தருகிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே எடிட்டர் என்று வந்தால் நான் பார்ப்பது ஒன்றைத்தான். அதைச் செய்த கம்பெனி நாளைக்கே கடையைக் கட்டினாலும் உங்கள் கையில் என்ன மிஞ்சும்? எந்த ஹோஸ்டிங்கிலும், அதாவது பக்கங்களை இணையத்தில் வைக்க வாடகைக்கு எடுக்கும் எந்த இடத்திலும், ஏற்றக்கூடிய சாதாரண எச்.டி.எம்.எல். கோப்புகள் (பிரவுசர் நேரடியாகப் படிக்கும் பக்கங்கள்) மிஞ்சினால் சரி.

உங்களுக்கு நான் சொல்வது பப்லீ. தேடும்போது ஆங்கிலத்தில் பி, யு, பி, எல், அப்புறம் இரண்டு ஐ. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இலவசம்தான். கம்ப்யூட்டரிலேயே ஓடும், பக்கங்களும் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். எழுதும் இடம் வேர்டு மாதிரிதான்: தலைப்பு, பத்தி, படம். எழுதி முடித்து பிரிவியூ பாருங்கள். ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த சர்வர் பெயர், யூசர் நேம், பாஸ்வேர்டு மூன்றையும் ஒரு முறை பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு பக்கங்களை இணையத்தில் ஏற்றும் சின்க் பட்டனை அழுத்துவதுதான் வேலை. 4 ஜி.பி. ராமில் திறக்கக் கொஞ்சம் யோசிக்கும், ஆனால் ஓடும்.

ஒரு விஷயம் உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். ஃபிரண்ட்பேஜில் படத்தை இழுத்து நினைத்த மூலையில் வைத்தது போல் இதில் வைக்க முடியாது. எது எங்கே என்பதைத் தீம், அதாவது முன்கூட்டியே செய்துவைத்த பக்க அமைப்பு, முடிவு செய்யும். அது நல்லதுக்குத்தான். கட்டம் போட்டு அளந்து நிறுத்திய அந்தக் காலப் பக்கம் அன்றைய கம்ப்யூட்டர் திரைக்காகச் செய்தது. உங்கள் வாடிக்கையாளர் இன்று ஒரு சாண் போனில் பார்க்கிறார். பொருளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் ஷாப்பிங் கார்ட், ஆன்லைன் பேமென்ட் எல்லாம் இதில் கிடையாது. விலை கேட்க ஒரு வாட்ஸ்ஆப் எண் போட்டால் போதும்.

படங்களின் கோப்புப் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது. பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸ் கண்டுகொள்ளும். வீட்டில் தெரிந்த விளக்குப் படம் இணையத்தில் காணாமல் போவதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

இனி உங்கள் பழைய பக்கங்கள். அவை பாமினி எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். அப்படியானால் அந்தக் கோப்புக்குள் தமிழே இல்லை. திரையில் 'தமிழ்' என்று தெரிந்த இடத்தில் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கம்ப்யூட்டர் அந்த ஐந்தையும் தமிழாக வரைந்து காட்டும். போனில் பாமினி கிடையாது, அதனால் உள்ளே இருப்பதை அப்படியே கொட்டுகிறது. கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது. குத்துவிளக்கு என்று யாராவது தமிழில் தேடியிருந்தால் இத்தனை வருஷமாக நீங்கள் அகப்பட்டே இருக்க மாட்டீர்கள். எடிட்டரை மாற்றுவதால் மட்டும் இது சரியாகாது. எல்லாக் கருவிகளும் தமிழைத் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றினால்தான் உண்டு.

என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற கருவி இதைச் செய்யும். பழைய பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, எழுத்தைக் காப்பி செய்து, பாமினியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் அதில் கொட்டாதீர்கள். ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரியையும் அது பாமினித் தமிழ் என்றே நினைத்துக்கொண்டு, வாயில் நுழையாத எதையோ துப்பும். எண்கள் தப்பிக்கும், அதனால் போன் நம்பர் பத்திரம். தமிழ்ப் பத்திகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள். மாற்றிய பிறகும் படித்துப் புரியவில்லை என்றால் மூலம் பாமினி இல்லை. திஸ்கி, டாப், டாம் என்று அதே பட்டியலில் இருக்கும் மற்றப் பழைய எழுத்து முறைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்றில் வரி தெளிவாகிவிடும். கடைப் பெயர் பேனர் படமாக இருந்தால் எந்தக் கன்வர்ட்டரும் உதவாது. இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனாலும் ஐந்து பக்கம்தானே? பார்த்துப் பார்த்துத் திரும்ப டைப் செய்வதே வேகமாக முடியும் என்பது என் எண்ணம். பழைய ஃபோல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இனி "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறவர். எடிட்டரை நாளைக்கு மாற்றலாம், ஹோஸ்டிங்கையும் மாற்றலாம். விசிட்டிங் கார்டிலும் டப்பாவிலும் அச்சடித்த டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், போய்விட்டால் போனதுதான். உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது? 2005-இல் உறவினர் எடுத்திருந்தால் அவர் பெயரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். டொமைன் விவரம் காட்டும் ஹூஇஸ் என்ற பதிவேட்டில் தேடினால் தெரியுமே என்பீர்கள். தனியுரிமை என்று சொல்லி இப்போது அங்கே உரிமையாளர் பெயரைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். கடைக்காரர் தன் சொந்தப் பெயரைத் தேடினாலும் மறைப்புதான்! ஆகவே டொமைன் பதிந்த கம்பெனியின் லாகின் உங்களிடம் வர வேண்டும். அதில் இருக்கும் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் உங்களுடையவையாக இருக்க வேண்டும்.

வெளியாள் பெயரில் போய்விட்டால் மீட்பது லேசு இல்லை. டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி. அங்கே தகராறு தீர்க்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: கட்டணம் கட்டி, அந்தப் பெயரில் உங்களுக்கு உரிமை உண்டு என்றும் எதிராளி கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கிறார் என்றும் காகிதம் காட்டி, நடுவர் முன் வாதாட வேண்டும். பெரிய பிராண்டுகளுக்கு வக்கீல் இருக்கிறார். பட்டறைக்காரர் விளக்கு வார்ப்பாரா, மனு எழுதுவாரா?

இந்த இடைத்தரகர்கள் பில் போடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண டாட் இன், டாட் காம் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயோ சற்று முன்பின்னோதான் ஆகும். 'மெயின்டனன்ஸ்' என்று சேர்த்து அதைப் பல மடங்காக்குவார்கள். வெப்சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டிவைக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்பார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பட்டனில் போட்டுக்கொள்ளலாம். 'கூகுளில் முதல் இடம் கேரண்டி' என்பதும் ஒரு வரி இருக்கும். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. சீனாவில் ஒருவர் உங்கள் கடைப் பெயரைப் பதியப் போகிறார், உடனே பணம் கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தாலும் அழித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆளை வைத்துத்தான் செய்வேன் என்றால் வையுங்கள், தப்பில்லை. டொமைன் லாகினை அவரிடம் கொடுக்காதீர்கள். ஹோஸ்டிங் பேனலில் அவருக்கென்று தனியாக ஓர் எஃப்.டி.பி. கணக்கு (சர்வரில் கோப்புகளை ஏற்ற, இறக்க மட்டும்) உருவாக்கிக் கொடுங்கள். வேலை முடிந்து கோப்புகள் மொத்தமும் உங்கள் பென்டிரைவுக்கு வந்ததும் அந்தக் கணக்கை நீக்கிவிடுங்கள். மீதிப் பணத்தை அதற்கப்புறம் கொடுத்தால் போதும்.