அக்காவின் தியாகமும் எனக்குக் கிட்டாத மன்னிப்பும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கன். அப்பா கடலில் இறந்தபோது நான் பள்ளி மாணவன். அக்கா தன் படிப்பை நிறுத்திவிட்டு இறால் கம்பெனி வேலைக்குப் போனார். பனிக்கட்டித் தண்ணீரில் நாள் முழுக்க இறால் உரித்ததால் அவருடைய விரல் நுனிகள் வெளுத்து ஊறியிருக்கும். ஓடு குத்திய இடங்களில் சீழ் வைத்திருக்கும். அந்தக் கையால்தான் என் கல்லூரிக் கட்டணத்தை எண்ணிக் கொடுப்பார். வந்த வரன்களையெல்லாம் “தம்பி கரையேறட்டும்” என்று தட்டிக் கழித்தார்.

எனக்குக் கப்பலில் வேலை கிடைத்தது, திருமணமும் ஆயிற்று. பிறகு வீட்டுப் பங்கு குறித்து எழுந்த சண்டையில் அக்காவுடன் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தும் பணம் அனுப்பவில்லை. பக்கத்து வீட்டு மதினி தன் சங்கிலியை அடகு வைத்து மருத்துவம் பார்த்தாராம். நான் ஊருக்கு வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

இப்போது வெள்ளிதோறும் ஒரு வேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்கிறேன், வெறுந்தரையில் படுக்கிறேன், வேளாங்கண்ணிக்குச் செருப்பில்லாமல் நடந்தேன். இதே பாவத்தைக் குருவானவரிடம் சொல்லிப் பலமுறை பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். ஆயினும் திருப்பலியில் நற்கருணை அப்பம் வாங்க எழுந்தால் அக்காவின் கைதான் கண்முன் வருகிறது, உட்கார்ந்துவிடுகிறேன். இரவில் உறக்கமில்லை. எனக்கு மன்னிப்பு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் செய்தது சிறிய தவறு என்று நான் சொல்லப் போவதில்லை; அப்படிச் சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் உங்கள் கேள்விக்கான விடையை உங்கள் திருச்சபை ஏற்கெனவே அளித்துவிட்டது. குருவானவர் பாவமன்னிப்பு வழங்கிப் பரிகாரமாகச் சில செபங்களையோ தருமத்தையோ சொல்லியிருப்பார். அதைச் செய்து முடித்தால் அது முடிந்தது. நீங்களாக விதித்துக்கொண்ட ஒருசந்திக்கும் தரைப்படுக்கைக்கும் மட்டும் முடிவே இல்லை. கிறிஸ்து ஒரே முறை தம்மைப் பலியாக்கினார் என்றும், பாவம் மன்னிக்கப்பட்ட பின் அதற்காக வேறு பலிக்கு இடமில்லை என்றும் விவிலியத்தில் எபிரேயர் திருமுகத்தின் 10-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தப் பலி போதாது என்பதுபோல உங்கள் உடலையும் சேர்த்துப் படைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்தத் துன்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா நகரில் தங்கியிருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்கு வதைபட்டார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே அவருக்கு விடுதலை கிடைத்தது.

பிறருடைய தியாகத்தால் வாழ்பவரின் வேதனையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குப் போலந்து நாட்டுப் படைவீரர் பிரான்சிஸ்செக் கயோவ்னிசெக் நினைவுக்கு வருவார். 1941-இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேரில் அவரும் ஒருவர். மனைவி, பிள்ளைகளை நினைத்து அவர் கதறியபோது, மாக்சிமிலியன் கோல்பே என்னும் பிரான்சிஸ்கன் குரு முன்வந்து அவருடைய இடத்தை ஏற்றுக்கொண்டார். ஆகஸ்ட் 14 அன்று நச்சு ஊசியால் கொல்லப்பட்டார். போர் முடிந்து வீடு திரும்பிய கயோவ்னிசெக்குக்கு மனைவி இருந்தார்; மகன்கள் இருவரும் குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள். எந்தப் பிள்ளைகளுக்காக அழுது அந்த உயிரைப் பெற்றாரோ அந்தப் பிள்ளைகளே இல்லை. குருவின் சாவுக்குத் தானே காரணம் என்ற உறுத்தலும் அவரை நெடுங்காலம் விடவில்லை. ஆனால் அவர் தன்னை வதைத்து அந்தக் கடனை அடைக்க முயலவில்லை; நடந்ததை ஊர் ஊராகச் சென்று சொன்னார், 1982-இல் உரோமையில் கோல்பே புனிதராக அறிவிக்கப்பட்ட சடங்கிலும் கலந்துகொண்டார், 1995 வரை வாழ்ந்தார். அவர் அழைத்த மரணமல்ல அது. கோல்பே மனமுவந்து கொடுத்த உயிர். உங்கள் அக்காவும் அப்படித்தான் கொடுத்தார். அதைக் கடனாக நினைக்கும்வரை வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

(உங்களைக் கயோவ்னிசெக்குக்கு நிகராக்கவில்லை, அவர் யாரையும் கைவிட்டதில்லை. அந்த வேறுபாட்டை மறைத்தால் நான் உங்களுக்கு உதவியவனாக மாட்டேன்.)

இனி, நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோன செய்திக்கு வருகிறேன். அந்த மதினியின் சங்கிலி என்னவாயிற்று? மீட்கப்பட்டதா, ஏலத்தில் போயிற்றா? நற்செய்தியில் வரும் வரிதண்டுபவரான சக்கேயு ஆண்டவரைத் தன் வீட்டில் வரவேற்றபோது, ஏமாற்றிய பணத்தை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னாரேயன்றி, தரையில் படுப்பதாகச் சொல்லவில்லை. வேளாங்கண்ணிவரை நடந்த உங்களால் பக்கத்து வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கடுந்தவம் சில நேரங்களில் செய்ய வேண்டிய காரியத்தைத் தள்ளிப்போட நமக்கு வாய்க்கும் கௌரவமான வழியாகிவிடுகிறது.

ஆகவே உங்கள் பங்குத்தந்தையிடம் பேசி, இந்தத் தவங்களை நிறுத்திவிட்டு வருகிற ஞாயிறே நற்கருணை வாங்குங்கள். கை கண்முன் வந்தால் வரட்டும், வரிசையை விட்டு விலகாதீர்கள். உறக்கமின்மை நீடித்தாலோ, வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்; அது நம்பிக்கைக் குறைவு ஆகாது. மதினியின் வீட்டுக்கு மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். சங்கிலியை மீட்டுக் கொடுங்கள், இல்லையேல் புதிதாக வாங்கிக் கொடுங்கள். அக்கா கடைசி மாதங்களில் என்ன பேசினார் என்று கேளுங்கள். மதினி கோபத்தில் கடுஞ்சொல் சொன்னாலும் பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.