சொட்டும் ஏர்கான், பழுப்புத் தண்ணீர், ஆடும் வாஷிங் மெஷின்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் எல்லாமே வீட்டுத் தொல்லைகள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய விஷயமில்லை. ஆனால் பலரும் பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் "இது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் பணம் கொடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: படுக்கையறை ஏர்கானிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கட்டில் மேலேயே விழுகிறது. விளம்பரத்தைப் பார்த்து ஒருவரை வரச் சொன்னோம். வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "கேஸ் (குளிரூட்டும் வாயு) இல்லை, கெமிக்கல் வாஷும் (ரசாயனம் ஊற்றிக் கழுவுவது) செய்யணும், மொத்தம் 320 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)" என்கிறார். செய்யலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: அவசரப்படாதீர்கள். ஏர்கான் சொட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வதுதான். ஏர்கான் ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் உள்ளே தண்ணீராக மாறி ஒரு தட்டில் சேரும். அங்கிருந்து மெல்லிய குழாய் வழியாக வெளியே போகும். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தக் குழாய்க்குள் தூசியும் பாசியும் சேர்ந்து கொழகொழவென்று அடைத்துக்கொள்ளும். தண்ணீருக்குப் போக வழியில்லாமல் தட்டு நிரம்பி, உங்கள் கட்டிலில் வழிகிறது.

இதை நீங்களே பார்த்துவிடலாம். அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று தேடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பெரும்பாலும் குளியலறையிலோ சமையலறைப் பக்கமோ முடியும். ஏர்கானை அரை மணி நேரம் ஓடவிட்டு அந்த முனையைக் கவனியுங்கள். அங்கே தண்ணீர் வராமல் படுக்கையறையில் மட்டும் சொட்டினால் அடைப்புதான். சாதாரண சர்வீஸிலேயே குழாயை உறிஞ்சிச் சுத்தம் செய்துவிடுவார்கள். கெமிக்கல் வாஷ் தேவைப்படாது.

இன்னொன்றும் பாருங்கள். முன்மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்றினால், பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகத் தெரியும். அதில் பனிக்கட்டி படிந்திருக்கிறதா? இருந்தால் ஏர்கானை நிறுத்துங்கள், பனி உருகட்டும். வடிகட்டி அழுக்கேறிக் காற்று போகாமல் இருந்தாலும் பனி பிடிக்கும், கேஸ் குறைந்தாலும் பிடிக்கும். முதலில் வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டி ஓடவிட்டுப் பாருங்கள்.

கேஸ் விஷயத்துக்கு வருவோம். அது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால் சில மாதங்களில் அதே ஆள் மறுபடி வருவார், அதே பணத்தை மறுபடி கொடுப்பீர்கள். ஆகவே அழுத்தமானியை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள். சரியான ஆளாக இருந்தால் சலித்துக்கொள்ளாமல் காட்டுவார். ஐந்து நிமிடத்தில், மூடியைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கேஸ் இல்லை என்று எப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரியவில்லை. என் யோசனை: சாதாரண சர்வீஸ் மட்டும் செய்யச் சொல்லுங்கள். அதற்கு எவ்வளவு என்பதை, அவர் கருவியை எடுப்பதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பிறகும் சொட்டினால் அடுத்ததைப் பார்க்கலாம்.

இதே சாக்கில், இரண்டு வருட சர்வீஸுக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று சொல்வார்கள். கட்டாதீர்கள். நிறுவனம் இழுத்து மூடிவிட்டால் அந்தப் பணத்தை மீட்பது மிகவும் கடினம். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் கொடுப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: அம்மா மட்டும் வீட்டில் இருந்தபோது இரண்டு பேர் வந்து, "தண்ணீர் பரிசோதனை" என்று சொல்லி உள்ளே வந்திருக்கிறார்கள். எங்கள் குழாய்த் தண்ணீரில் ஒரு கருவியை வைத்ததும் தண்ணீர் பழுப்பாகிவிட்டதாம். அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்ததாம். அம்மா பயந்துபோய் 1,800 வெள்ளி வடிகட்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நேற்றுதான் நடந்தது. (வாசகர், பிடோக்)

பதில்: நேற்று என்றால் நேரம் இருக்கிறது. முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அழைக்காமல் வீடு தேடி வந்து செய்யும் நேரடி விற்பனை ஒப்பந்தத்தை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாளுக்குள் ரத்து செய்ய சட்டம் இடம் தருகிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைக்கே, ஒப்பந்த எண், தேதி, "ரத்து செய்கிறேன், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும்" என்று அம்மாவின் பெயரில் எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதிவுத் தபாலிலும் ஒன்று போடுங்கள். தொலைபேசியில் "சரி அங்கிள், பார்த்துக்கிறோம்" என்று அவர்கள் சொல்வதை நம்பி நாளைக் கடத்திவிடாதீர்கள். வடிகட்டியைப் பொருத்த வந்தால் கதவைத் திறக்க வேண்டாம்.

இப்போது அந்தப் பழுப்பு நிறம். அம்மாவிடம் இதை நிதானமாக விளக்குங்கள், ஏனென்றால் அவர் மனதில் அந்தப் பயம் இன்னும் இருக்கும். அந்தக் கருவியில் உலோகக் கம்பிகள் இருக்கும், அவற்றில் இரும்பும் ஒன்று. மின்சாரம் பாயும்போது அந்த இரும்புக் கம்பியே அரிக்கப்பட்டுத் துருவாகத் தண்ணீரில் கலக்கிறது. அம்மா பார்த்தது கம்பியிலிருந்து வந்த துரு, குழாயிலிருந்து வந்த அழுக்கு இல்லை. குழாய்த் தண்ணீரில் இயல்பாகவே கால்சியம் போன்ற தாதுக்கள் இருப்பதால் அதில் மின்சாரம் பாயும். அவர்களுடைய தண்ணீரில் தாதுக்களை எடுத்துவிட்டிருப்பார்கள், அதனால் மின்சாரம் பாயாது, நிறமும் மாறாது. அந்தத் தெளிவான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு அதே கருவியை வைத்திருந்தால் அதுவும் பழுப்பாகியிருக்கும். வயதானவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் போய் இப்படிப் பயமுறுத்துவது எனக்கு மிகவும் கோபம் தருகிற விஷயம்.

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டது. வடிகட்டாமல் அப்படியே குடிக்கலாம் என்று, தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் பலமுறை சொல்லியிருக்கிறது. கழக ஊழியர்கள் வீட்டுக்கு வந்து வடிகட்டி விற்பதே இல்லை. வந்தவர்கள் தங்களைக் கழகத்து ஆட்கள் என்று சொல்லிக்கொண்டார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். அப்படிச் சொல்லியிருந்தால் கழகத்துக்கும் காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். ரத்து செய்தபிறகும் பணம் வரவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்தை (CASE) அணுகுங்கள்.

கேள்வி: குளியலறைக் கூரையில் ஈரம். மஞ்சள் வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. மாடி வீட்டு அங்கிளிடம் சொன்னால், "உன் கூரை, உன் செலவு" என்கிறார். (வாசகர், தோ பாயோ)

பதில்: அவர் சொல்வது தவறு. நீங்கள் "உங்கள் தரை, உங்கள் செலவு" என்று சொன்னாலும் தவறுதான். மாடித் தரைக்கும் கீழ்க் கூரைக்கும் நடுவில் இருப்பது ஒரே கான்கிரீட் பலகைதானே. வீவக வீடுகளில் அந்தக் கசிவைச் சரிசெய்வது இரண்டு வீட்டு உரிமையாளர்களின் கூட்டுப் பொறுப்பு. வீவகவிடம் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் என்று ஒன்று உண்டு. தகுதி இருந்தால் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை இரு வீட்டாரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதாவது உங்கள் பங்கு கால்வாசி, அவர் பங்கும் கால்வாசி. இந்தக் கணக்கை அங்கிளிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். முழுச் செலவும் தன் தலையில் விழும் என்று பயந்துதான் பலர் கதவையே திறப்பதில்லை.

வட்டாரத்தில் உள்ள வீவக கிளை அலுவலகத்தில் புகார் கொடுத்தால் வந்து பார்ப்பார்கள். அதுவரை கூரைக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், கறை எங்கே, எவ்வளவு என்பதுதான் உங்கள் சாட்சி. தேதியோடு படமெடுத்து வையுங்கள். அங்கிள் பிடிகொடுக்கவே இல்லையென்றால் சமூக மத்தியஸ்த நிலையம் இருக்கிறது. புது வீட்டில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: புதிய வீவக வீடுகளில் கூரைக் கசிவுக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் உண்டு. அந்தக் காலத்துக்குள் இருந்தால் யாரிடமும் பேரம் பேச வேண்டியதில்லை, நேரே வீவகவிடம் போங்கள்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய வாஷிங் மெஷின். துணி பிழியும்போது இடம் பெயரும் அளவுக்கு ஆடுகிறது. இப்போது பாதியிலேயே நின்றும் விடுகிறது. கடையில், "தயாரிப்பாளரிடம் பேசுங்கள்" என்கிறார்கள். (வாசகி, பொங்கோல்)

பதில்: முன்பக்கம் கதவு உள்ள மெஷின் என்றால், முதலில் அதன் பின்புறத்தை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். ஏற்றி இறக்கும்போது உள்ளே இருக்கும் தொட்டி அடிபடாமலிருக்க நீளமான போல்ட்டுகள் போட்டு இறுக்கி அனுப்புவார்கள். பொருத்தும்போது அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் விட்டால் மெஷின் அறையையே ஆட்டும், நாளடைவில் கெட்டும்போகும். போல்ட்டுகள் அங்கேயே இருந்தால், பொருத்தியது கடை அனுப்பிய ஆள்தான் என்றால், நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியதே இல்லை. படமெடுத்து அனுப்புங்கள்.

போல்ட் இல்லையென்றாலும் கடைக்காரர் கை கழுவ முடியாது. பழுதான பொருளை வாங்கியவர்களுக்காக 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்தது என்றுதான் பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் அது நடக்கவில்லையென்றால் விலையில் ஒரு பகுதியையோ, பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையோ கேட்கலாம். இந்தப் பொறுப்பு உங்களுக்கு விற்ற கடையுடையது.

நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள். ரசீது, மெஷின் ஆடும் வீடியோ, திரையில் வரும் பிழைக் குறியீடு மூன்றையும் இணைத்து, 14 நாளில் பதில் வேண்டும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் கிடையாது. 5,000 வெள்ளிக்கு மேற்போகாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம்.

கேள்வி: சென்னையிலிருந்து அத்தை மிக்சி வாங்கி வந்தார். இங்கே பயன்படுத்தினால் எரிந்துவிடுமா? பயண அடாப்டர் போதுமா? (வாசகி, செங்காங்)

பதில்: எரியாது. அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். சிக்கல் பிளக்கில். மிக்சியின் மூன்று உருண்டை முனைகளில் பெரியது நிலத்தொடர்புக்கானது. மலிவான பயண அடாப்டர்கள் பலவற்றில் அந்த முனை சும்மா ஒரு ஓட்டைக்குள் போய் நிற்கும், எதனோடும் இணையாது. சட்னி அரைத்த ஈரக்கையோடு தொடுகிற பொருளுக்கு அது ஆபத்து. அக்கம்பக்கத்து மின்பொருள் கடையில், பாதுகாப்பு முத்திரை உள்ள, ஃபியூஸ் வைத்த மூன்று முனை பிளக்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். சில வெள்ளிகளில் முடிந்துவிடும். ஒன்று மட்டும்: ஊரில் வாங்கியதன் வாரன்டி பெரும்பாலும் இங்கே செல்லாது. அடுத்த முறை தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் விலை விசாரித்துவிட்டு அத்தையிடம் சொல்லுங்கள். பெட்டியில் இடமும் மிச்சமாகும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் புதுப்பிப்பு வேலை. சனிக்கிழமை காலையிலும் துளையிடுகிறார்கள். கேட்கலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: தாராளமாக. வீவக வீடுகளில் இடிப்பது, அதிகமாகத் துளையிடுவது போன்ற சத்தமான வேலைகள் வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனிக்கிழமை கூடாது. பெயின்ட் அடிப்பது மாதிரியான சத்தமில்லாத வேலைகளைச் செய்யலாம். வேலையை எடுத்துச் செய்யும் குத்தகைக்காரரின் எண் பெரும்பாலும் கதவருகே ஒட்டிய அறிவிப்பில் இருக்கும், முதலில் அவரைக் கூப்பிடுங்கள். பல நேரம் வீட்டுக்காரருக்கே விஷயம் தெரிந்திருக்காது.

கேள்வி: புது ஐஸ்பெட்டி கொண்டுவந்தவர்கள், பழையதை எடுத்துப்போக 40 வெள்ளி கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். (வாசகி, புக்கிட் பாத்தோக்)

பதில்: கொடுத்திருக்க வேண்டியதில்லை. 2021 ஜூலை முதல், புதிய ஐஸ்பெட்டி, வாஷிங் மெஷின், தொலைக்காட்சி போன்றவற்றைக் கொண்டுவந்து தரும் கடை, அதே வகைப் பழையது ஒன்றை இலவசமாக எடுத்துப்போக வேண்டும். ரசீதில் அந்த 40 வெள்ளி தனியாகப் போட்டிருந்தால் கடைக்கு எழுதித் திருப்பிக் கேளுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் கொண்டுவந்த தேதியையும் நேரத்தையும் சொல்லிக் கடையில் புகார் கொடுங்கள். அது அந்த ஊழியர்கள் தாங்களாகவே வாங்கிக்கொண்ட பணமாகவும் இருக்கலாம், கடைக்குத் தெரியட்டும்.