சிஸ்டரம்மா பதில்கள்: கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல்கள்

போன இதழில் ஒரு வாசகர் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்லும்போது, 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரின்போது பதினான்கு நாள் காலணியைக் கழற்றாமல் தூங்கிய கதையைப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். முழங்கால் வலிக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்க்கால ராணுவ ஆஸ்பத்திரி என்றால் எந்நேரமும் ஆபரேஷன்தானே? நீங்கள் என்ன செய்தீர்கள்?
*வாசகி, தேனி*

காஸ் துணி, அதாவது புண்ணுக்கு வைக்கிற வலைத்துணி, மடித்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதிக நேரம் செய்த வேலை அதுதான்.

அப்போது நான் ராணுவ நர்சிங் சர்வீஸில் லெப்டினன்ட். வேலை, பஞ்சாபில் எல்லையை ஒட்டிய பதான்கோட் பக்கம் ஒரு ராணுவ மருத்துவமனையில். டிசம்பர் 3 சாயங்காலம் விமானதளத்தில் குண்டு விழுந்தபோது என் கையில் தெர்மாமீட்டர் டம்ளர் இருந்தது. அதற்குச் சில நாள் முன்பே வார்டுகளைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தோம். ஹெர்னியா, மலேரியா என்று படுத்திருந்தவர்களில் நடக்க முடிந்தவர்களை எல்லாம் பின்னால் இருக்கிற ஊர்களுக்கு அனுப்பிவிட்டோம். காலிக் கட்டில்களைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

காஸ் மடிப்பதில் ஒரு விஷயம் உண்டு. வெட்டிய ஓரம் வெளியே தெரியக் கூடாது, உள்பக்கம் மடிந்து போக வேண்டும். இல்லாவிட்டால் நூல் பிரிந்து புண்ணுக்குள் தங்கிவிடும். இன்றைக்குப் போல எல்லாம் பாக்கெட்டில் வந்த காலம் இல்லை. ரப்பர் கையுறையைக் கழுவி, ஊதி, ஓட்டை இருந்தால் ஒட்டுப் போட்டு, பவுடர் தூவி டிரம்மில் அடுக்கி ஆவியில் வைப்போம். ஊசியைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்போம். முனை வளைந்திருந்தால் பஞ்சு மாட்டும், அதைக் கல்லில் தீட்ட வேண்டும். இதில் எனக்குப் பெரிய உதவி, இடது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒரு ஹவில்தார். ஒற்றைக் கையால் தொடையில் வைத்துப் பேண்டேஜ் உருட்டுவார். என் உருட்டலை அவிழ்த்துவிட்டு மறுபடி உருட்டுவார்.

இருட்டடிப்பில் எப்படி வேலை பார்த்தீர்கள்?
*வாசகர், திருவண்ணாமலை*

எதிரி விமானத்துக்குத் துளி வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது, அதற்குத்தான் இருட்டடிப்பு. ஜன்னலுக்குக் கறுப்புத் தாள், அதற்கு மேல் கம்பளி. டார்ச் கண்ணாடியிலும் தாள் ஒட்டி, நடுவில் சின்னத் துளை. அந்த வெளிச்சத்தில் டிரிப் பாட்டிலின் சொட்டை எண்ண வேண்டும். ஆம்புலன்ஸ் விளக்குகளில் பாதி கறுப்பு பெயின்ட். வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் தெரியும்.

இருட்டைவிடக் குளிர்தான் கொடுமை. வார்டில் அங்கீட்டி வைத்தோம், அதாவது கரியடுப்பு. ஆபரேஷன் தியேட்டரில் அது கூடாது. மயக்கத்துக்கு ஈதர் கொடுப்பார்கள், ஈதர் நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். அதனால் ஊரிலேயே குளிரான அறை எங்கள் ஆபரேஷன் தியேட்டர்தான்.

என் தாத்தா முன்னாள் ராணுவ வீரர். தொடையில் கையகலத் தழும்பு. தையல் போடாமல் ஐந்து நாள் திறந்தே வைத்திருந்தார்களாம். இது அலட்சியம் இல்லையா?
*வாசகர், வேலூர்*

இல்லை தம்பி. உங்கள் தாத்தாவின் கால் இன்று இருப்பதே அதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைக் கத்தி வெட்டினால் உடனே தைக்கலாம். ஷெல் சிதறல், அதாவது பீரங்கிக் குண்டின் துண்டு, அப்படியில்லை. அது உள்ளே போகும்போது கால்சட்டைத் துணி, வயல் மண், சாணம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை, உள்ளே உள்ளங்கை அளவுக்குச் செத்த சதை. அதன் மேல் தையல் போட்டு மூடினால் காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிருமிக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. கேஸ் காங்கிரீன் வரும், அதாவது சதை அழுகி உள்ளே வாயு சேரும். தோலை அமுக்கினால் விரலுக்கடியில் நறநறவென்று இருக்கும். இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு வாடை. கட்டைப் பிரிப்பதற்கு முன்பே என் மூக்கு சொல்லிவிடும். அந்த மூக்கோடுதான் இன்றைக்கும் பலாப்பழம் வாங்கப் போகிறேன், வாங்காமல் வந்துவிடுகிறேன்.

அதனால் சர்ஜன் முதலில் செத்த சதையை வெட்டி எடுப்பார். நிறம் எப்படி, இடுக்கியால் கிள்ளினால் துடிக்கிறதா, வெட்டினால் ரத்தம் வருகிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுப்பார். அப்புறம் காஸை உதிரியாக வைத்துத் திறந்தே விடுவோம். அடைத்து வைக்கக் கூடாது, நீர் வடிய வேண்டும். நாலைந்து நாள் கழித்துப் பிரித்து, சுத்தமாக இருந்தால் அப்போதுதான் தையல். முதல் உலகப் போரில் எத்தனையோ கால்களை இழந்து கற்ற பாடம் இது. தாத்தாவிடம் சொல்லுங்கள், அந்த ஐந்து நாளும் அவர் திட்டிய நர்ஸ்களுக்கும் அது தெரியும்.

பாகிஸ்தான் வீரர்களுக்கும் வைத்தியம் பார்த்தீர்களா? கோபம் வரவில்லையா?
*வாசகர், மதுரை*

பார்த்தோம். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி யாரை முதலில் பார்ப்பது என்பதைக் காயம்தான் தீர்மானிக்க வேண்டும், சீருடை அல்ல. கட்டிலருகே காவலுக்கு ஒரு சிப்பாய் நிற்பார், அவ்வளவுதான் வித்தியாசம். கோபம் வந்ததா? வந்தது. வேலை அதிகமாக இருந்ததால் தங்கவில்லை.

வயிற்றில் குண்டு பட்டவருக்கு வாய்வழியாக எதுவும் தரக் கூடாது என்பது பாலபாடம். முதல் ராத்திரி நம் பையன் ஒருவன் "பானி, பானி" என்று கெஞ்சியதில் மனசு கேட்காமல் இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துவிட்டேன். சர்ஜன் வார்டு முழுக்கக் கேட்கும்படி திட்டினார். தப்பு என்னுடையதுதான். நாலு நாள் கழித்து அதே கட்டிலில் எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பையன், அதே வயிற்றுக் காயம், அதே "பானி". என்னை "பாஜி" என்றான், அக்கா என்று அர்த்தம். இந்த முறை காஸை நனைத்து உதட்டில் வைத்தேன். குழந்தை மாதிரி உறிஞ்சப் பார்த்தான். காவலுக்கு நின்ற சர்தார் முதலில் முறைத்தார். அப்புறம் எந்த ஊர் என்று பஞ்சாபியில் கேட்டார். மறுநாள் டியூட்டிக்கு வந்தபோது இரண்டு பேரும் கரும்பு விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ராணுவ நர்சிங்கில் என் மகள் சேரலாமா?
*வாசகி, சேலம்*

தாராளமாக. நீட் மதிப்பெண் வேண்டும், நாலு வருட பி.எஸ்சி. நர்சிங், முடித்ததும் லெப்டினன்ட். 1976-லேயே எங்கள் சர்வீஸில் இருந்து ஜெர்ட்ரூட் ஆலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார், இந்திய ராணுவத்தில் அந்தப் பதவியை எட்டிய முதல் பெண். ஒன்று மட்டும் பழைய கதை: கல்யாணம் செய்துகொண்டதற்காக 1988-ல் ஒரு நர்சிங் அதிகாரியை வேலையை விட்டே அனுப்பினார்கள். 2024-ல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. முப்பத்தாறு வருஷம்! அந்த விதி இப்போது இல்லை. மகளிடம் கேளுங்கள், என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

நோயாளிகளுக்காகப் பொய் சொன்னதுண்டா?
*வாசகி, நாகர்கோவில்*

சொன்னதில்லை, எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 17-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு மேற்கு எல்லையில் சண்டை நின்றது. கண்ணிவெடிகள் மண்ணுக்குள் அப்படியே இருந்தன, அதனால் வண்டிகள் வருவதும் நிற்கவில்லை. அப்படி வந்தவன் ராமநாதபுரம் பக்கத்துப் பையன். இடது பாதம் போய்விட்டது, வலது கை முழுக்கச் சின்னச் சின்னச் சிதறல், கட்டு. வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ராத்திரி கூப்பிட்டு, "சிஸ்டர், கட்டை விரல் அரிக்குது" என்பான். எந்தக் கால் என்று கேட்க மாட்டேன். போர்வையில் பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சொறிந்துவிடுவேன். பாதிநாள் தூங்கிவிடுவான்.

அவனைப் புனேயில் இருக்கிற செயற்கை உறுப்பு மையத்துக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அதற்கு முன் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொன்னான். "காலில் சின்ன அடி. கவலைப்பட வேண்டாம்." நான் பேனாவை நிறுத்தினேன். "அப்படியே எழுதுங்க சிஸ்டர்" என்றான். நீல இன்லண்டில் அப்படியே எழுதினேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது, அவன் கிளம்புவதற்கு முதல் நாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்தான் வாசித்துக் காட்டினேன். ஆடு இரண்டு குட்டி போட்டது, கண்மாய் நிறைந்தது என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி இருந்தது: "காலில்தான் அடி என்றால், இந்தக் கடிதம் ஏன் உன் கையெழுத்தில் இல்லை என்று வாத்தியார் கேட்கிறார்."