ஏற்காட்டு வீட்டுக்கு ஹீட் பம்ப் சரிவருமா?

ஏற்காட்டில் வீடு, ஆறு பேர், சோலார் ஹீட்டர் மார்கழியில் கைவிட்டுவிடுகிறது, ஹீட் பம்ப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள் சார். காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், பனிமூட்டம் இறங்கிக் கிடக்கும் நாளிலும் ஓடும். 200 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 55க்கு ஏற்ற சாதா கீசருக்கு 8 யூனிட் ஆகும், இதற்குச் சுமார் 3 போதும், விடிகாலைக் குளிரில் மட்டும் கொஞ்சம் கூடும், அதனால் டைமர் வைத்து மதியம் ஓட விடுங்கள், டேங்கில் நல்ல இன்சுலேஷன் இருந்தால் மறுநாள் காலை வரை சூடு நிற்கும். ஆறு பேருக்கு 200 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள்.

எங்கள் அஸ்தம்பட்டி வீட்டில் ஒரு தப்பு செய்தோம். மூடிய ஸ்டோர் ரூமுக்குள் வைத்துவிட்டோம். அது விட்ட குளிர்காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து, தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. வெளியே வையுங்கள், ஆனால் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வேண்டாம், கம்ப்ரசர் சத்தம் கேட்கும்.

அப்புறம், போர் தண்ணீர் என்றால் டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்து காக்கும் மெக்னீசியம் ராடை வருஷம் ஒரு முறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுடையது இரண்டே வருஷத்தில் பென்சில் மாதிரி மெலிந்து, வெள்ளைப் பொடி அப்பிக் கிடந்தது.