எல்டர்பெரியை மல்லித் தண்ணீர் போல அவிக்கலாமா?

கேள்வி: ஜேர்மனியில் இருக்கும் என் மகள் காய்ந்த எல்டர்பெரிப் பழம் ஒரு பொதி அனுப்பியிருக்கிறாள். அங்கே தடிமனுக்கு இதைக் குடிப்பார்களாம். பேரன் முந்திரிகை வற்றல் என்று நினைத்து ஒரு பிடி அள்ளிவிட்டான். அப்படியே தின்னலாமா, மல்லித் தண்ணீர் போல அவிக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: அப்படியே தின்னக் கொடுக்க வேண்டாம், அம்மா. எல்டர் மரத்தின் இலை, காம்பு, பட்டை, காய், பழத்தின் விதை ஆகியவற்றில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. நமது மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் அதே வகையைச் சேர்ந்ததுதான். மரவள்ளி தின்ற அன்று இஞ்சி கூடாது என்ற கட்டுப்பாட்டைவிட, கிழங்கை மூடாமல் அவித்துத் தண்ணீரை வடித்து ஊற்றும் வழக்கமே நம்மைக் காத்து வந்திருக்கிறது. 1983இல் கலிபோர்னியாவில், எல்டர் பழத்தை இலை, காம்போடு நசுக்கிப் பிழிந்த சாற்றைக் காய்ச்சாமல் குடித்த 11 பேருக்குக் குமட்டலும் வாந்தியும் கண்டன. காய்ந்த பழம்தானே என்று அலட்சியமாக இருக்கவும் வேண்டாம்.

ஐரோப்பியர் இப்பழத்தைப் பச்சையாக உண்பதில்லை. வட ஜேர்மனியில் இதன் சாற்றைக் காய்ச்சி, ரவை உருண்டை போட்டுச் சூடான சூப்பாகக் குடிப்பார்கள். பூவை மாவில் தோய்த்துப் பொரிப்பதும் பாணியாக்குவதும் உண்டு.

காம்புத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஒரு கோப்பைப் பழத்துக்கு நான்கு கோப்பைத் தண்ணீர் விட்டு, மூடாமல் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க விடுங்கள். மரவள்ளியைப் போல இதன் தண்ணீரை ஊற்றிவிட முடியாது, நமக்கு வேண்டியதே அந்தத் தண்ணீர்தான் என்பதால், ஆவி வெளியேறுவது இங்கே இன்னும் முக்கியம். விதை நசியாமல் வடித்து, ஆறிய பின் தேன் கலக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது. வடிக்கும் துணி பழைய துணியாக இருக்கட்டும், அந்த ஊதாக் கறை இலகுவில் போகாது.

தடிமனுக்கு இதமாக இருக்குமே தவிர, இது காய்ச்சலுக்கு மருந்தன்று. மாரி மழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சல் கண்டால், இதைக் கொடுக்காமல் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கு நோயாளிக்குச் சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வதே வாந்தியில் இரத்தம் கலந்திருந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். இதன் சாறோ அவற்றைவிடக் கடும் நிறம்.